இரண்டு புள்ளி ஆறு

ஜனவரி 9

அன்புள்ள தங்கை கடுகுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே, இரண்டு பக்கம்தான். இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாயா இல்லையா, ஒன்றும் தெரியாமலே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். முப்பது வருடம் கிரானைட் அறுத்த தூசி அத்தனையும் நெஞ்சுக்குள் போய்ச் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்துகொண்டது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் என் நுரையீரல் இரண்டையும் எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானுடையதை வைத்துத் தைத்தார்கள். தினமும் காலையில் ஒரு சின்னக் கருவிக்குள் மூச்சு முட்ட ஊத வேண்டும். முதல் நொடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்று அது காட்டும். அந்த நம்பரை நோட்டில் எழுதி, போனில் ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப வேண்டும். இன்று 2.61. "காளை மாடு மாதிரி ஊதுறீங்க!" என்கிறாள் நர்ஸ்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மாற்றி வைத்த நுரையீரலை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள ஆரம்பித்தால், ஊதும் நம்பர் இறங்குவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் அதன் தடயம் தெரியுமா என்று பார்க்கிறார்களாம். மாதம் ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவாள். கையெழுத்துப் போட்ட அன்று மூன்றாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். குனிந்து குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். வகிடு நரைத்துவிட்டது. கூப்பிட வாய் வரவில்லை.

என் எண் 47. உன் கைக்குத்தான் வருமா என் ரத்தம்?

பழசை விடுவோம், கடுகு. நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணி உன்னை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று. கழுத்து வலி நலம், நானும் நலம்.

முதலில் இரண்டு விஷயம். போன் செய்யாதே. உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். எழுதுவதானால் எழுது. இன்னொன்று, கடுகு என்று கூப்பிடாதே. அப்படிக் கூப்பிட்ட ஆளை நான் தலைமுழுகிப் பதினோரு வருடம் ஆகிறது.

பழசை விடுவோம் என்று சொல்ல வேண்டியவள் நான், நீ இல்லை. அடித்தவனுக்கு மறதி சுலபம். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு இருபத்தொரு வயது. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்து, முழுச் செலவையும் அவர்களே ஏற்பதாகச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. முப்பது நாளில் பதில் போட வேண்டும். நான் அந்தக் கடிதத்துக்காகத் தினமும் வாசலில் காத்திருந்தேன். "இன்னும் வரலையா? பாவம்" என்று நீ என் தலையைத் தடவினாய். அது பன்னிரண்டு வருடம் அம்மாவின் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் இருந்தது. அம்மா போன பத்தாம் நாள் போர்வையை உதறினேன், விழுந்தது. படுத்த படுக்கையாக இருந்தவள் அலமாரியைத் திறக்க மாட்டாள், சாவியும் உன்னிடம்தான் என்று அங்கே வைத்திருக்கிறாய். என்ன மூளை உனக்கு!

அதனால்தான் நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் குழாய்களைச் சுழற்றி, பிரித்து, எண் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவள்.

உன் கேள்விக்குப் பதில், ஆமாம், என் கைக்குத்தான் வரும். உனக்குள் இருப்பது இன்னொருவருடைய நுரையீரல். அது அடிபட்டால் அதன் செல்கள் உடைந்து, அந்த மனிதரின் அடையாளத் துணுக்குகள் உன் ரத்தத்தில் மிதக்கும். நூறில் அரை பங்குக்குள் இருந்தால் அமைதி. ஒன்றைத் தாண்டினால், உடம்பு விருந்தாளியை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகம். சந்தேகம்தான், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆய்வு முடியும்வரை நோயாளிக்கும் சொல்லக் கூடாது, அவருடைய டாக்டருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. எந்தக் குழாய் யாருடையது என்றே எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அதை நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ பதில் போட்டதே பெரிய விஷயம் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இன்று 2.60.

அன்றைக்கு அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கக்கூட ஆள் வேண்டும். நான் விடிந்தால் பட்டறைக்குப் போய்விடுவேன். நீ படிக்கப் போயிருந்தால் அம்மாவை யார் பார்ப்பது? நான் என்ன, சுகமாகவா உட்கார்ந்திருந்தேன்? கல்லோடு மாரடித்தேன். அதற்குக் கூலியும் நெஞ்சிலேயே வாங்கிக்கொண்டேன். தப்பு என்றால் தப்புதான். ஆனால் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விதி கிதி எல்லாம் இருக்கட்டும். ரத்தத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடு. அண்ணன் கேட்கிறேன்.

குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே.

அண்ணன்


மார்ச் 12
(உறையில் போட்டு ஒட்டியது. தபாலில் சேர்க்காதது.)

அண்ணனுக்கு,

நீ நலமில்லை.

ஜனவரியில் 0.4. பிப்ரவரியில் 0.9. இன்று காலை 1.6. தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் ஓட்டினேன். 1.6 தான். நம்பரைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, இதை நான் அனுப்பப் போவதில்லை. பதினோரு வருடமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததில் யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

ஒரு வரி எழுதிப் போடு என்கிறாய். எழுதிவிட்டேன் பார். உறைக்குள் போட்டு, ஒட்டி, உன் விலாசம் எழுதி, என் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைக்கிறேன். நீ பன்னிரண்டு வருடம் வைத்திருந்தாய். நான் எத்தனை நாள் வைத்திருக்கலாம், நீயே சொல்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தங்கை


மார்ச் 14

அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். 2.60 என்று எழுதியிருந்தாய், மிகவும் சந்தோஷம். மூச்சு நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும்.

நீ கேட்டதைப் பொதுவாக, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் பேசிப் பார்த்தேன். "நிரூபிக்காத நம்பரைச் சொல்லி ஒருத்தரை ஏம்மா பயமுறுத்தணும்? அரைவேக்காட்டைப் பரிமாறக் கூடாது" என்றார். அவர் சொன்னால் எனக்குத் தெய்வ வாக்கு. உனக்கும் விதியை மதிக்கிற தங்கை கிடைத்திருக்கிறாள் என்று பெருமைதானே?

பயப்பட ஏதாவது இருந்தால் உன் ஊதல் காட்டிக் கொடுக்கும். மருந்துகளை நேரம் தவறாமல் சாப்பிடு.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை. வேலை என்றால் பட்டறை இல்லை, சும்மா இருப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

இன்று 2.60. நேற்றும் அதுதான். உனக்குத் தெரிந்திருக்கும். ஊதுகிற நம்பரும் ரத்தத்தோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகிறதாமே, நர்ஸ் சொன்னாள். நீ தினமும் பார்த்துக்கொண்டிருப்பாய். நன்றாகப் பார். உன் அண்ணன் இன்னும் கல் மாதிரிதான் இருக்கிறான்.

"சந்தோஷம்" என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

வேறு விசேஷமில்லை.

அண்ணன்


மே 16
(அதே உறையைப் பிரித்து, உள்ளே சேர்த்துத் திரும்ப ஒட்டியது.)

ஏப்ரலில் 2.0. இன்று 2.3.

ஆனால் நீ ஊதுவது மட்டும் 2.60, 2.60, 2.60. ஒரே ஆள் ஒரே காலையில் மூன்று தடவை ஊதினால் மூன்று நம்பர் வரும். உனக்கு மட்டும் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. என் குழாய் பொய் சொல்கிறதா, நீ பொய் சொல்கிறாயா? பொய்யில் உனக்குப் பழக்கம் உண்டு, என் குழாய்க்கு இல்லை.

ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதினாய். இப்போது அரைப் பக்கம். பேனா பிடிக்கக்கூட மூச்சு வாங்குகிறதா?

உறை பத்திரமாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.


ஜூன் 11

தங்கைக்கு,

நலம். 2.60. அண்ணியும் நலம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் குளிக்கப் போயிருக்கிறார். முன்னே ஐந்து நிமிடத்தில் வருகிறவர், இப்போது முக்கால் மணி நேரம். உள்ளே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுதியது தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அவர் நன்றாக இல்லை. மாடிப்படியில் நாலாவது படியில் நின்றுவிடுகிறார். கேட்டால், "சும்மா ஜன்னல்ல வேடிக்கை பாக்குறேன்" என்கிறார். அங்கே ஜன்னலே கிடையாது. நேற்று அவர் ஊதியதை நானே எட்டிப் பார்த்தேன். 1.70. நோட்டில் 2.60 என்று எழுதினார். ஆஸ்பத்திரிக்கும் அதையே அனுப்பினார். மார்ச் கடைசியிலிருந்தே இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் போய் ஊத வேண்டிய தேதிக்கு, வெளியூர் போகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். எங்கள் வெளியூர் எங்கள் படுக்கையறைதான்.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று அழுதேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். "இந்த நம்பர் அவ மேசைக்குப் போகுது. இறங்குச்சுன்னா அவ சிரிப்பா. செத்தாலும் சாவேன், அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் குடுக்க மாட்டேன்."

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். ரத்தத்தில் ஏதாவது தெரிகிறதா? என்னிடம் மட்டுமாவது சொல்லுங்கள். கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

அண்ணி


ஜூலை 11

அண்ணனுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

முந்தாநாள் அண்ணிக்குப் போன் செய்தேன். எடுத்தவன் நீ. "அலோ" என்று சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது உனக்கு. "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் உண்மையான நம்பரைச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதினோரு வருடத்தில் நான் உன்னிடம் பேசிய முதல் பேச்சு. போனாய் என்று அண்ணி நேற்றுச் சொன்னாள்.

இதோடு ஓர் உறை இருக்கிறது. மேலே உன் விலாசம், உள்ளே உன் ரத்தத்தின் கதை. மார்ச் பன்னிரண்டாம் தேதியிலிருந்து அது என் அலமாரியில் இருந்தது. எந்த இடத்தில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அட மடையா, நீ ஊதுகிற நம்பர் என் மேசைக்கு வரவே வராது! அது ஆய்வின் புள்ளிக்கணக்குப் பார்ப்பவர்களின் அறைக்கு, வேறு மாடிக்குப் போகிறது. நான் அதைப் பார்த்ததே உன் கடிதங்களில்தான். என்னைச் சிரிக்கவிடக் கூடாது என்று நீ உன் டாக்டரிடம் பொய் சொன்னாய். உன்னை அழவைக்க வேண்டும் என்று நான் உண்மையை மறைத்தேன். உன் மூச்சு உன்னிடம், உன் ரத்தம் என்னிடம், நடுவில் உன் டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்த்திருக்கிறார். ஒரே வயிற்றில் பிறந்ததை நன்றாக நிரூபித்துவிட்டோம்.

போனை வைத்ததும் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "உங்க அண்ணன்னு முதல் நாளே சொல்லியிருந்தா, அந்தக் குழாயை வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேனேம்மா" என்றார். அது ஒன்றுதான் நான் செய்ய வேண்டியிருந்த வேலை. செய்யவில்லை, ஏனென்றால் உன் குழாய் எனக்கு வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் கைப்பை, ஒரு குடை, கழுத்துக்கு வைக்கிற தலையணை, அவ்வளவுதான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. நாலு மாதம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது.

தங்கை


செப்டம்பர் 3

தங்கைக்கு,

இருக்கிறேன். நலம் என்று எழுத வரவில்லை, அதனால் இருக்கிறேன்.

நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சோதிக்கத் துளி சதை எடுத்தார்கள். உடம்பு தள்ள ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. சின்னச் சின்னக் காற்றுவழிகள் தழும்பு விழுந்து அடைத்துவிட்டன. மருந்தை மாற்றினார்கள், புதிதாக ஒன்று சேர்த்தார்கள். ஆகஸ்ட்டில் 1.46 வரை போனது. இன்று 1.48. மூன்று வாரமாக அந்த இடத்திலேயே நிற்கிறது. "போனது திரும்ப வராது. இப்படியே நின்னா அதுவே பெரிசு" என்றார் டாக்டர். "மார்ச்சுலயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது. கொஞ்சம் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

அந்தக் கொஞ்சம் உன் போர்வைக்கு அடியில் இருந்திருக்கிறது. கொஞ்சம் என் நோட்டிலும்.

உறையைப் படித்த அன்று அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கத்தான் மூச்சில்லை. "சந்தோஷம்" என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கூடப் பிறந்தவள் எழுதுகிற வரியா அது? பிறகு தோன்றியது. நீ எழுதியதாவது உண்மை. நான் உனக்கு இன்றுவரை ஓர் உண்மைகூட எழுதவில்லை.

அதனால் எழுதுகிறேன். நான் அந்தக் கடிதத்தை மறைத்து மட்டும் வைக்கவில்லை. உன் பெயரில் பதில் போட்டேன். "இந்தப் படிப்பில் எனக்கு விருப்பமில்லை" என்று, உன் கையெழுத்து மாதிரியே சாய்த்துப் போட்டேன். அவர்கள் விடவில்லை. இன்னொரு கடிதம் எழுதினார்கள். "உங்களைப் போன்றவரை இழக்க மனமில்லை, ஒரு வருடம் இடத்தை நிறுத்தி வைக்கிறோம், யோசியுங்கள்" என்று இருந்தது. அதைப் பட்டறையில், கல் அறுக்கும்போது ஓடுகிற தண்ணீரில் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்காக என்று எழுதினேனே, அது பாதிதான். ஒரு வருடத்தில் அம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். நீ டாக்டராகிவிட்டால் நான் யார்? டாக்டரம்மாவின் அண்ணன், கல் அறுக்கிறவன். அதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை. இந்தச் சொல்லை எழுத இருபத்துமூன்று வருடமும் ஒன்றரை லிட்டர் காற்றும் ஆகியிருக்கிறது.

இப்போது எதற்கு இதைச் சொல்கிறேன்? மனசைக் கழுவவா, உனக்கு வலிக்கட்டும் என்றா? கொஞ்சம் வலிக்கட்டும் என்றுதான். நீ அனுப்பிய உறை எனக்கு வலித்தது.

இனி நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அண்ணன்


செப்டம்பர் 6

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு தட்டை உடைத்தேன். பிறகு நானே பெருக்கினேன். வேறு யார் பெருக்குவார்கள்?

ஒரு வருடம் எனக்காக ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. அந்த ஒரு வருடமும் நான் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, எனக்குத்தான் மூளை போதவில்லை போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாய். பாவி. இதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததும் எழுதுகிறேன்.

நல்லபடியாக எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, இனி நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று மட்டும் நினைக்காதே. உன்னை அவ்வளவு லேசில் விட மாட்டேன். உன்னைத் திட்ட இருபத்துமூன்று வருடத்துப் பாக்கி இருக்கிறது எனக்கு. நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். செத்தவனிடம் சண்டை போட முடியாது. அதனால் நீ இருக்க வேண்டும்.

தினமும் காலையில் மூன்று தடவை ஊது. மூன்று நம்பரையும் எழுது, பெரிசை மட்டும் இல்லை. டாக்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று அனுப்பு. மாத்திரை விட்டுப் போனால் அதையும் எழுது. நாலாவது படியில் நின்றால் நாலாவது படி என்று எழுது. அண்ணியும் கீழே கையெழுத்துப் போட வேண்டும், உன்னை நான் நம்பவில்லை. ஒரு புள்ளி கூட்டி எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மன்னிக்கவில்லை. எழுது.

இங்கே தபால் பதினோரு மணிக்கு வரும். நான் வாசலிலேயே இருப்பேன், எனக்குத்தான் வேறு வேலை இல்லையே.

கடுகு